சிவப்புப் பேனாவின் மூடி

நம் பயிற்சி மையத்தில் இந்த மாதம் ஆசிரியர்களாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும் என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுகிறீர்கள். பாடம் நடத்தும் முறையைப் பற்றி உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். அது உங்களுக்குத் தெரிந்த விஷயம். ஒரு வீட்டுக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகு அங்கே நாம் யார் என்பதைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு அது விளங்கப் பதினெட்டு வருடம் ஆனது.

முப்பத்தொரு வருடம் மதுரையில் வீடு வீடாகப் போய்க் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் தவறாமல் டைரி எழுதினேன். கிழமை, வீடு, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், பாடம், வைத்த தேர்வு, மதிப்பெண், கடைசியில் ஒரு வரிக் குறிப்பு. இங்கே வரும் கிழமைகளும் மதிப்பெண்களும் அந்த டைரிகளைப் பார்த்து எழுதியவை. என் ஞாபகத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. காரணம் பின்னால் வரும்.

ட்யூட்டர் என்ற சொல்லுக்கு ஆளுக்கு ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள். கல்லூரியில் லீவ் லெட்டரில் கையெழுத்துப் போடும் விரிவுரையாளர் ட்யூட்டர். நர்சிங் கல்லூரியில் அது ஒரு பதவி. கே.கே. நகர் அடுக்குமாடிகளில் வாட்ச்மேன் வைத்திருக்கும் நோட்டில் ‘வந்த காரணம்’ என்ற இடத்தில் கேஸ், கூரியர், ஏசி ரிப்பேர் என்ற வரிசையில் நாமும் ஒரு வரி. நான் படித்த ஒரு சட்ட வரலாற்று நூலில் இன்னொரு பொருள் இருந்தது. பழைய ரோமானியர்களிடம் ட்யூட்டர் என்றால் வாத்தியார் இல்லை. தகப்பனை இழந்த சிறுபிள்ளைக்குக் காப்பாளர். பிள்ளை எடுக்கும் பெரிய முடிவுகளுக்குப் பக்கத்தில் நின்று சம்மதம் சொல்வார். பிள்ளை வயதுக்கு வந்ததும், இத்தனை நாள் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று பதில் சொல்லிவிட்டு விலகிவிடுவார். பாடம் சொல்லிக்கொடுப்பது அந்த வேலையிலேயே கிடையாது. படித்தபோது வேடிக்கையாக இருந்தது. பவித்ரா வீட்டில் நடந்ததற்குப் பிறகு அது எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை.

பவித்ரா பத்தாம் வகுப்பு. வீடு கே.கே. நகரில் ஓர் அடுக்குமாடியில். அப்பா துளசிராம், சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்பவர். சௌராஷ்டிரக் குடும்பம். எங்களிடம் தமிழில் பேசுவார்கள், தங்களுக்குள் தங்கள் மொழியில் பேசிக்கொள்வார்கள். திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்தரைக்கு நான் போவேன். செவ்வாய், வியாழன் இங்கிலீஷ் எடுக்க ஒரு நண்பர் வருவார். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரை மாப்ள என்பேன், அவர் என்னை அண்ணே என்பார்.

ஜூனில் ஆரம்பித்தேன். என் தேர்வுகளில் அவள் ஐம்பதுக்கு நாற்பத்தொன்று, நாற்பத்துநான்கு, நாற்பத்தாறு என்று வாங்கினாள். பள்ளியில் செப்டம்பர் காலாண்டில் நூற்றுக்கு இருபத்தொன்பது. ‘பரீட்சை பயம், போகப்போகச் சரியாயிரும்’ என்று துளசிராமிடம் சொன்னேன். ட்யூஷன் எடுப்பவர்கள் எல்லோரும் சட்டைப்பையில் வைத்திருக்கும் வாக்கியம் அது. நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நவம்பர் இடைத்தேர்வில் இருபத்துநான்கு. இந்தமுறை அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

அந்த வாரம் பள்ளியில் இருந்து அழைப்பு வந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பலகை வைத்திருக்கும் பள்ளி. பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்புவதற்கு முன்னால் பிள்ளையின் டி.சி.யை வாங்கிக்கொள்ளுங்கள், தனித்தேர்வராக எழுதட்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரச் சொன்னார். ஆறு வயதிலிருந்து படித்த பள்ளியை விட்டு, பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கும்போது, பவித்ரா வீட்டில் உட்கார வேண்டும்.

“நீங்களும் வாங்க சார்,” என்றார் துளசிராம். “ட்யூஷன் நோட்ட எடுத்துட்டு வாரேன். இம்புட்டு மார்க் வாங்குற பிள்ளைக்கு அவங்க இருபத்துநாலு போட்டா, கோளாறு பிள்ளைகிட்டயா, அவங்க திருத்துறதுலயா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

சொல்கிறேன் என்றேன்.

இது நடந்தது புதன்கிழமை. வகுப்பு முடிந்து செருப்பைப் போடும்போது பவித்ராவின் அம்மா வாசல்வரை வந்தார். வழக்கமாக டம்ளரை எடுக்க மட்டும் வருபவர்.

“சார், ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“சொல்லுங்கம்மா.”

“அவ கணக்குப் போடும்போது நோட்டப் பாக்குறதவிட உங்க கையத்தான் அதிகமாப் பாக்குறா. சிவப்புப் பேனா மூடியக் கழத்துனீங்கன்னா எழுதுனத அழிச்சிர்றா. கழத்தலைன்னா மேல போறா. நான் அடுப்படியில இருந்து தெனமும் பாக்குறேன்.”

“இத்தன நாளா ஏம்மா சொல்லல?”

“நீங்க அப்பிடித்தான் சொல்லிக் குடுக்குறீங்கன்னு நெனச்சேன் சார்.”

தப்பைக் கண்டதும் என் கை தானாகச் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றும். வீட்டுக்கு வந்து டைரியை எடுத்தேன். ஜூன் முதல் நவம்பர் வரை, பவித்ராவின் பெயருக்குக் கீழே ஒரே குறிப்பு பதினேழு இடங்களில் இருந்தது. ‘தானே திருத்திக்கொண்டாள்.’ பெருமையாக எழுதியிருந்தேன். இரண்டு இடங்களில் அடிக்கோடு வேறு. ஆகஸ்டில் ஒரு புதன்கிழமைக்கு மட்டும், நான் அடியோடு மறந்துவிட்ட வேறு ஒரு குறிப்பு. ‘பேனாவை முந்தின வீட்டில் விட்டுவிட்டேன். நோட்டை எடுத்துவந்து திருத்தினேன். 50க்கு 14. தலைவலியாம்.’

உண்மை மூன்று மாதமாக என் கையெழுத்தில், என் அலமாரியில் இருந்திருக்கிறது. பேனா இல்லாத ஒரே நாளில் அவள் வாங்கிய பதினான்குதான் அவளுடைய மதிப்பெண். மற்றதெல்லாம் நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கியவை. குறிப்பு எடுப்பவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடுகிறது. எழுதி வைத்துவிட்டதாலேயே விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறான்.

மறுநாள் காலை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் எதிரே இருக்கும் டீக்கடையில் நண்பரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

“அண்ணே, நாளைக்கு அங்க போயி இதைச் சொல்லப் போறீங்களா?”

“வேற என்ன சொல்ல?”

“ஒண்ணுமே சொல்லாதீங்க. நோட்டுல மார்க் இருக்கு. அது பேசட்டும். நீங்க பாட்டுக்குத் தலையாட்டிட்டு வாங்க. பிள்ளைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. வாயத் தொறந்தீங்கன்னா கே.கே. நகர்ல ஒரு வீட்டு காலிங் பெல்லக்கூட அமுக்க முடியாது.”

“தலையாட்டி டிசம்பர் அரையாண்டுல அவ மறுபடியும் இருபது வாங்குனா?”

“அப்பப் பாத்துக்கலாம். பரீட்சை பயம்னு சொல்லுங்க.”

“அதைச் சொல்லித்தான மாப்ள இங்க வந்து நிக்கிறேன்.”

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதனால்தான் அதை உங்களுக்குச் சொல்கிறேன். நான் சும்மா இருந்தால் துளசிராமின் வாதம் எடுபட்டிருக்கலாம், பவித்ரா பள்ளியில் தொடர்ந்திருக்கலாம். நான் உண்மையைச் சொன்னால், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று தலைமையாசிரியை சொல்வதற்கு நானே சாட்சி ஆகிவிடுவேன். என் பெயரைக் காப்பாற்றுவதா என்ற கேள்வியாக மட்டும் இருந்திருந்தால் முடிவு எளிது. உண்மை பிள்ளையையும் சேர்த்து அடிக்கும் என்பதுதான் சிக்கல்.

வியாழன் முழுவதும் அவளுடைய பழைய நோட்டுகளைப் பார்த்தேன். முதல் தடவையாக, மதிப்பெண்ணை விட்டுவிட்டு அவள் ரப்பரால் அழித்த இடங்களைப் பார்த்தேன். இருபடிச் சமன்பாட்டில் ஓர் உறுப்பு சமக்குறியைத் தாண்டும் இடம், மூலக்குறிக்குள் கழித்தல் வரும் இடம், காரணி பிரிக்கும்போது குறி மாறும் இடம். அழித்த தடம் எல்லாம் இந்த மாதிரி இடங்களில்தான். அப்போது எனக்கு ஒன்று பிடிபட்டது.

வெள்ளிக்கிழமை பத்து மணி. பவித்ராவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நாங்கள் உள்ளே போனோம். துளசிராம் நோட்டை மேஜையில் விரித்தார்.

“பாருங்க மேடம். நாப்பத்தாறு. நாப்பத்திநாலு. சார் பத்துப் பதினஞ்சு வீட்டுக்குப் போயி எடுக்குறவரு. பொய்யா போடுவாரு?”

தலைமையாசிரியை நோட்டைப் புரட்டாமல் என்னைப் பார்த்தார். “சார், இது நீங்க போட்ட மார்க்கா?”

“போட்டது நான்தான் மேடம். வாங்குனதுலயும் பாதி நான்தான்.”

துளசிராம் என் பக்கம் திரும்பினார். “என்ன சார் சொல்றீங்க?”

பேனா மூடி விஷயத்தை முழுவதும் சொன்னேன். ஆகஸ்டு புதன்கிழமையையும் சொன்னேன். துளசிராமின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன் என்பதையும் இங்கே குறித்துவிடுகிறேன்.

“அப்ப நான் சொன்னதுதான சரி,” என்றார் தலைமையாசிரியை. “பிள்ளைக்கு ஒண்ணும் தெரியல.”

“இல்ல மேடம். ஒண்ணும் தெரியாத பிள்ளை எல்லா வரியிலயும் என் கையப் பாக்கணும். இல்ல, எங்கயுமே பாக்காமப் போகணும். இவ தப்பு வரக்கூடிய இடத்துல மட்டும் நின்னு பாக்குறா.” நோட்டைத் திருப்பி அழித்த தடங்களைக் காட்டினேன். “ஆபத்து எங்க இருக்குன்னு தெரியுது. ஆனா முடிவெடுக்க மாட்டேங்குறா. அந்த முடிவ இத்தன நாளா நான் எடுத்துக்கிட்டு இருந்தேன். அது என் தப்பு. அரையாண்டுக்கு மூணு வாரம் இருக்கு. அதுவரைக்கும் பேர எடுக்காதீங்க.”

அவர் நான்கைந்து பக்கங்களைப் புரட்டினார். அவரும் ஒரு காலத்தில் கணக்கு எடுத்தவர் என்று பிறகு தெரிந்தது. கடைசியில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துத் துளசிராமிடம் நீட்டினார். அரையாண்டில் முப்பத்தைந்துக்குக் குறைந்தால் தகராறு பண்ணாமல் டி.சி. வாங்கிக்கொள்வதாக எழுதித் தரச் சொன்னார். துளசிராம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளில் பள்ளம் விழும்படி அழுத்தினார். கோபத்தில்தான், என்மேல்.

“நானும் போடுறேன் மேடம்.”

“நீங்க எதுக்கு சார்? நீங்க பேரண்ட்டும் இல்ல, கார்டியனும் இல்ல. என்னன்னு போடுவீங்க?”

பேனாவை எடுத்தேன். சிவப்பு. “அதுல போடக்கூடாது,” என்று தன் நீலப் பேனாவைத் தந்தார். பெயரை எழுதி, கீழே ‘ட்யூட்டர்’ என்று எழுதினேன். அந்தத் தாளுக்கு என் கையெழுத்தால் எந்தச் சட்ட மதிப்பும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் போட்டேன்.

வெளியே வந்ததும் பவித்ரா என்னிடம் மெதுவாகக் கேட்டாள். “அம்மா சொல்லிட்டாங்களா சார்?”

“ம்.”

“நான் வேணும்னு பண்ணல சார். மூடி டொக்குனு சத்தம் கேக்கும். கேட்டா கை தானா நின்னுரும்.”

அன்று மாலையே பேனாவை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ஐம்பதுக்கு ஒன்பது. திங்கள்கிழமை பதினேழு. எனக்கே நம்பிக்கை வரவில்லை. புதன்கிழமை பால்கனிக் கண்ணாடியில் கவனித்தேன். குறி மாறும் இடத்தில் நிறுத்திவிட்டு என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாய்ந்தால் மேலே போனாள், நிமிர்ந்தால் அழித்தாள். பேனா போய்த் தோள் வந்திருந்தது.

வினாத்தாளை மேஜையில் வைத்துவிட்டு லிஃப்டில் இறங்கிக் கீழே வந்தேன். வாட்ச்மேன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அவர் உசிலம்பட்டிப் பக்கம், நான் டி. கல்லுப்பட்டி. ஆறு மாதமாக நோட்டில் கையெழுத்துப் போட்டதைத் தவிர நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

“என்னண்ணே, வெளிய பத்தி விட்டாங்களா?”

“இல்லண்ணே. நானாத்தான் வந்தேன்.”

“அப்ப நோட்டுல போன நேரம் போட்டுரவா?”

“போடாதீங்க. கிளாஸ் நடக்குது.”

அவர் மேலே ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார். “பரவால்லண்ணே. எங்க காலத்துல வாத்தியார் இருந்தாரு, நாங்கதான் கிளாஸ்ல இருக்க மாட்டோம்.”

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை துளசிராம் கடையில் இருந்து சீக்கிரம் வந்துவிட்டார். வாட்ச்மேனோடு உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்து ஸ்கூட்டரை நிறுத்தினார்.

“என்ன சார், கிளாஸ் இல்லையா?”

நான் பதில் சொல்வதற்குள் வாட்ச்மேன் முந்திக்கொண்டார். “கிளாஸ் நடக்குது சார். அஞ்சு கிளாஸா அம்புட்டு நேரமும் இங்கனதான் உக்காந்திருக்காரு.”

துளசிராம் ஹெல்மெட்டைக் கழற்றினார். “மேல வாங்க சார்.”

மேலே பவித்ரா தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தாள். துளசிராம் நேரடியாகவே கேட்டார். “அரையாண்டுக்கு ஏழு நாள் இருக்கு. நீங்க கீழ காத்து வாங்குறீங்க. இதுக்கு வாத்தியார் எதுக்கு சார்?”

“இன்னைக்கு நான் பக்கத்துல உக்காந்தா நாப்பது வாங்குவா. அங்க ஹால்ல நான் இருக்க மாட்டேன்.”

“வாங்கலைன்னா? உங்களுக்கு இன்னும் பத்து வீடு இருக்கு. எங்களுக்கு ஒரே பிள்ளை.”

அடுப்படியில் இருந்து பவித்ராவின் அம்மா வந்தார். தங்கள் மொழியில் கணவரிடம் நான்கைந்து வாக்கியம் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் கை மட்டும் மேஜையைக் காட்டியது. துளசிராம் திரும்பி மகளைப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும் அவள் ஒருவரையும் பார்க்கவில்லை. ஒரு வரியை அடித்துவிட்டு, கீழே வேறு வரி எழுதிக்கொண்டிருந்தாள்.

“சரி சார்,” என்றார் துளசிராம். “கீழ போங்க. நான் டீ குடுத்து விடுறேன்.”

அன்று இருபத்தொன்று. அடுத்த வாரம் பத்தொன்பது, இருபத்துமூன்று. நாற்பதுகளில் இருந்தவள் இருபதுகளில் இருந்தாள். இவை அவளுடைய மதிப்பெண்கள் என்பதால் எனக்கு அவை பிடித்திருந்தன.

என் நண்பர் சொன்னதும் நடந்தது. பள்ளியில் நான் பேசியது எப்படியோ பரவி, அதே தெருவில் இரண்டு வீடுகள் நின்றுபோயின. “நான் சொன்னேன்ல?” என்றார். “சொன்ன மாப்ள,” என்றேன். அந்த வருடமே அவரும் தன் இங்கிலீஷ் வகுப்பில் நாற்காலியைத் திருப்பிப் போட ஆரம்பித்தார். பவித்ரா சொல்லித்தான் அது எனக்குத் தெரியும்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதும் இவ்வளவுதான். மாணவர் எழுதும்போது உங்கள் முகம், கை, மூச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தப்பைக் கண்டதும் நமக்கு வரும் அந்தச் சின்ன அசைவு நம் திறமை என்று நினைக்கிறோம். பிள்ளைகளுக்கு அது விடைத்தாள். நீங்கள் வைக்கும் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பள்ளியில் மோசமான மதிப்பெண்ணும் வந்தால், பரீட்சை பயம் என்று சொல்வதற்கு முன்னால் ஒருமுறை அறையை விட்டு வெளியே போய்ப் பாருங்கள். அப்புறம், தவறு உங்களுடையது என்று தெரிந்தால் அதை முதலில் நீங்களே சொல்லுங்கள். சொல்லும்போது பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டாவது இல்லாமல் முதலாவதைச் சொன்னால் நம் மனபாரம் இறங்கும், பிள்ளை தலையில் ஏறும்.

அரையாண்டு விடுமுறை முடிந்து, ஜனவரி முதல் வாரத்தில் ஒரு திங்கள்கிழமை விடைத்தாள் தந்தார்கள். ஐந்தரைக்குப் போனபோது பவித்ரா கதவைத் திறந்தாள். வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். அவள் தாளை மேஜையில் வைத்தாள். முதல் பக்கத்தில் முப்பத்தெட்டு என்று இருந்தது.

துளசிராம் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தாளைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். ஒன்பதாவது பக்கத்தில் ஓர் இருபடிச் சமன்பாடு. ஓர் உறுப்பு சமக்குறியைத் தாண்டும் இடத்தில் அவள் குறியை மாற்றாமல் எழுதியிருந்தாள். அடுத்த வரியும் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வரிகளையும் ஒரு கோட்டால் அடித்துவிட்டு, கீழே மறுபடி சரியாக எழுதியிருந்தாள். நானூறு பேர் எழுதும் ஹாலில், முன்பின் தெரியாத ஒரு மேற்பார்வையாளர் எங்கோ நடந்துகொண்டிருக்க, அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறாள்.

“இது எப்படித் தெரிஞ்சது?” என்று கேட்டேன்.

“சந்தேகமா இருந்துச்சு சார். பாக்குறதுக்கு யாரும் இல்ல. அதனால நானே பாத்தேன்.”

அன்று ஆறு ஐம்பதுக்கு வெளியே வந்தேன். வீட்டில் டைரியைத் திறந்து கிழமை, நேரம், மதிப்பெண் எல்லாம் எழுதினேன். குறிப்புக்கான வரியில் அதற்கு முன் பதினேழு தடவை தவறாக எழுதியதையே மறுபடி எழுதினேன்.

தானே திருத்திக்கொண்டாள்.